அமெரிக்கப் பல்கலைக்கழக நாடகத் துறையில் ஒரு மேடையேற்றம்: உரிமம் வாங்குவதிலிருந்து செட்டைப் பிரிப்பது வரை

அமெரிக்காவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் நடுவிலேயே இரண்டு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் நாடகத் துறை என்று ஒன்று இருக்கும். வருடத்துக்கு நாலைந்து மேடையேற்றம், அதில் ஒன்றாவது பாட்டும் நடனமும் கலந்த மியூசிக்கல், மாணவர்களுக்குச் சலுகை விலையில் டிக்கெட். போய்ப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் பல துறைகளில் ஆடிஷன் எந்தப் பிரிவு மாணவருக்கும் திறந்தே இருக்கிறது. மேடைக்குப் பின்னால் செய்யும் வேலைக்கோ ஆள் எப்போதும் போதாது.

அப்படி உள்ளே போக நினைப்பவருக்கான வழிகாட்டி இது. நடிக்க ஆசைப்படுபவர் ஆடிஷன் பகுதிக்குத் தாவிவிடலாம்தான். ஆனால் முன்னால் நடப்பதையும் தெரிந்துகொண்டு போனால், முதல் நாளே ஏன் இத்தனை காகிதத்தை நிரப்பச் சொல்கிறார்கள் என்று எரிச்சல் வராது. நடிகர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே நாடகத்தின் பாதி முடிவாகிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நாடகத்துக்கென்று பட்டம் கொடுத்த முதல் அமெரிக்கத் துறை 1914-ல் பிட்ஸ்பர்க்கில், இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹார்வர்டில் நாடக எழுத்துப் பட்டறை நடத்திய ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், அங்கே நாடகத்துக்கு உரிய இடம் கிடைக்காமல் 1925-ல் யேலுக்குப் போய்விட்டார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே எழுதி மேடையேற்றும் வா-மூ ஷோவின் தொடக்கம் 1929. நாடகத்தைப் படிப்பதென்றால் மேடையேற்றிப் பார்ப்பது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே ஊன்றிவிட்டது. அதனால்தான் இன்றும் துறையின் மேடையேற்றங்கள் பொழுதுபோக்குக் கணக்கில் வருவதில்லை; பாடத்தின் பகுதியாகவே நடக்கின்றன.

எந்த நாடகம் என்று முடிவெடுப்பது

அடுத்த கல்வியாண்டின் நாடகப் பட்டியலை இந்த ஆண்டே பேசத் தொடங்கிவிடுவார்கள். குழுவில் ஆசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிகளும் இருப்பது வழக்கம். உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், பரிந்துரை கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம். அப்படி எழுதும்போது ‘அருமையான நாடகம்’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. குழு பார்ப்பது வேறு கணக்கு.

முதலில் ஆட்கணக்கு. மாணவிகள் அதிகம் படிக்கும் துறையில் பதினாலு ஆண் பாத்திரமும் இரண்டு பெண் பாத்திரமும் உள்ள பழைய நாடகத்தைப் போட்டால் அந்தப் பருவம் முழுக்க முணுமுணுப்புதான். அடுத்து, நான்கு வருடம் படிக்கும் ஒருவர் கண்ணில் செவ்வியல், யதார்த்தம், மியூசிக்கல், புது எழுத்து எல்லாம் ஒருமுறையாவது பட வேண்டும். உடைப் பிரிவு தாங்குமா என்பது மூன்றாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடைகள் கொண்ட இரண்டு நாடகங்களை அடுத்தடுத்து வைத்தால் தையல் மெஷின் முன்னால் இருப்பவர்கள் தூங்கவே முடியாது.

அரங்கின் அமைப்பும் சேர்த்துத்தான் முடிவாகும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1940-ல் கட்டிய பென்ட்ஹவுஸ் தியேட்டரைப் போல, பார்வையாளர் சுற்றி உட்காரும் அரங்கென்றால் உயரமான சுவர்களோடு செட் போட முடியாது. ஒரு பக்கத்துக்கு எப்போதும் முதுகுதான் தெரியும்.

உரிமம்: இதில் மட்டும் குறுக்கு வழி கிடையாது

நம் ஊர்க் கல்லூரி விழாவில் யாருடைய நாடகத்தையும் கேட்காமல் போட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். அமெரிக்காவில் பதிப்புரிமை உள்ள நாடகத்தை, டிக்கெட்டே இல்லாமல் போட்டாலும், வெளி ஆட்களுக்கு முன் நடிக்க உரிமம் வேண்டும். வகுப்பறைக்குள் பாடமாக ஒரு காட்சியை நடித்துக் காட்ட மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. ‘இலவசமாகத்தானே காட்டுகிறோம்’ என்ற வாதம் நாடகத்துக்குச் செல்லாது.

மியூசிக்கல்களில் பெரும்பகுதி மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கன்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நாடகப் பிரதிக்குப் பழைய பெயரான சாமுவேல் ஃபிரெஞ்சும் இப்போது கன்கார்டுக்குள்தான். விண்ணப்பத்தில் அரங்கில் எத்தனை இருக்கை, டிக்கெட் விலை என்ன, எத்தனை காட்சி, எந்தத் தேதிகள் என்று கேட்பார்கள். அதை வைத்துத்தான் தொகை வரும். சாதாரண நாடகத்துக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று முடிந்துவிடும். மியூசிக்கலுக்கு ராயல்டி தனி, பாட்டுப் புத்தகங்களுக்கும் வாத்தியக்காரர்களின் பிரதிகளுக்கும் வாடகை தனி. பக்கத்தில் ஒரு தொழில்முறைக் குழுவோ சுற்றுப்பயணக் குழுவோ அதே நாடகத்தைப் போடுவதாக இருந்தால் உரிமம் மறுக்கப்படவும் கூடும். அதனால் கையெழுத்தான ஒப்பந்தம் வருவதற்குள் போஸ்டர் அடிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, வசனத்தை மாற்றவோ வெட்டவோ கூடாது என்ற விதி. கெட்ட வார்த்தை ஒன்றை எடுப்பதானாலும், பாத்திரத்தை ஆணிலிருந்து பெண்ணாக மாற்றுவதானாலும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இரண்டு, நிகழ்ச்சி ஏட்டிலும் போஸ்டரிலும் எழுத்தாளர், இசையமைப்பாளர் பெயர்கள் எந்த வரிசையில், எந்த அளவில் வர வேண்டும் என்ற விதி. மூன்று, வீடியோ. சேலத்தில் இருக்கும் அம்மா பார்க்கட்டும் என்று போனில் நேரலை விடுவதெல்லாம் மீறல்தான். நேரலைக்குத் தனி உரிமம். எல்லா நாடகத்துக்கும் அது கிடைக்காது.

செலவில்லாத வழியும் உண்டு. அமெரிக்காவில் வெளிவந்து 95 ஆண்டு கடந்த பழைய படைப்புகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, யாரும் போடலாம். கிரேக்க நாடகங்கள், ஷேக்ஸ்பியர், கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒரு எச்சரிக்கை: நாடகாசிரியர் செகாவின் ரஷ்ய மூலத்துக்கு உரிமம் தேவையில்லை, போன வருடம் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தேவை.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுவது

கல்யாணத்துக்கு முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி மண்டபம், பத்திரிகை, ஜவுளி என்று எண்ணிக்கொண்டு வருவோமே, இங்கும் அதே முறைதான். நவம்பர் இரண்டாம் வெள்ளி முதல் காட்சி என்று வையுங்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் டெக் ஒத்திகை, அதாவது விளக்கு, ஒலி, செட் மாற்றங்களைச் சேர்த்துப் பார்ப்பது. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பாடகர்களும் வாத்தியக் குழுவும் முதல்முறை சேர்வது. விளக்குகளைத் தொங்கவிட்டுக் குறிபார்ப்பது அதற்கும் முன்னால். அக்டோபர் நடுவில் வசனம் மனப்பாடமாகி எல்லோரும் பிரதியைக் கீழே வைத்துவிட வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒத்திகை, ஆகஸ்டு கடைசியில் வகுப்பு திறந்த முதல் வாரமே ஆடிஷன். மியூசிக்கலுக்கு ஒன்பது பத்து வாரம்கூட எடுப்பார்கள். சின்ன நாடகத்துக்கு ஐந்தாறு வாரம் போதும்.

அப்படியென்றால் செட் வரைபடம் எப்போது முடிந்திருக்க வேண்டும்? ஆகஸ்டில் மரம் வாங்கி அறுக்க ஆரம்பிக்க வேண்டுமென்றால் வரைபடம் கோடை விடுமுறைக்கு முன்பே ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அதாவது நாயகி யார் என்று தெரிவதற்கு முன்பே அவள் இறங்கி வரப்போகும் மாடிப்படியின் உயரம் முடிவாகிவிட்டது. இயக்குநரும் செட், உடை, விளக்கு, ஒலி வடிவமைப்பாளர்களும் வசந்தப் பருவத்திலேயே உட்கார்ந்து பேசுவது இதற்காகத்தான். வடிவமைப்பில் ஆர்வம் இருந்தால் நீங்கள் கதவைத் தட்ட வேண்டிய மாதம் பிப்ரவரி, மார்ச். செப்டம்பரில் வந்து கேட்டால் சுத்தியலைத்தான் கொடுப்பார்கள். அதிலும் தவறில்லை, பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மியூசிக்கலில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள்தான் பட்ஜெட்டை விழுங்கும்: வயர்லெஸ் மைக் வாடகை, வெளியிலிருந்து வரும் வாத்தியக்காரர்களின் சம்பளம், நடனத்துக்கான காலணிகள்.

ஆடிஷன்

நாடகத்துக்கென்றால் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் தனிவசனம் ஒன்று கேட்பார்கள். சில இடங்களில் குணத்தில் நேர் எதிரான இரண்டு. நாடகத்திலிருந்து எடுங்கள். திரைப்படத்திலிருந்தோ யூடியூபிலிருந்தோ எடுத்த வசனம் வேண்டாம். நேரம் மீறினால் நிறுத்திவிடுவார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உச்சரிப்பை மாற்றி அமெரிக்கர் போலப் பேச முயல்வதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் வீண் வேலை. சொல் தெளிவாகக் கேட்டால் போதும். பாத்திரத்துக்கு வேறு உச்சரிப்பு வேண்டுமென்றால் ஒத்திகையில் சொல்லித் தருவார்கள்.

மியூசிக்கலுக்கு 16 அல்லது 32 பார் (தாளக் கட்டம்) அளவுக்குப் பாட்டு. பியானோ வாசிப்பவர் அங்கே இருப்பார். இசைக் குறிப்பை உங்களுக்குச் சரியான கீயில் (சுருதியில்) அச்சிட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெளிவாகக் குறித்து, பக்கம் புரட்ட வசதியாகக் கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள். வேகத்தைச் சொல்ல மெதுவாக ஒரு வரி பாடிக் காட்டினால் போதும். விரலைச் சொடுக்கித் தாளம் காட்டுவது மரியாதைக் குறைவாகப் படும்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பெரிய பலமும் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. சுருதி சுத்தமும் தாளக் கணக்கும் உடனே கவனிக்கப்படும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கூட்டப் பாட்டில் பக்கத்தில் நிற்பவர் வேறொரு ஸ்வர வரிசையைப் பாடிக்கொண்டிருக்க, நாம் நம் வரிசையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். காது தானாக அவரோடு போய்ச் சேரப் பார்க்கும். கமகமும் தானாக வரும். அசையாமல் ஒரு ஸ்வரத்தை நேராக நிறுத்தப் பழக வேண்டும். ஆடிஷனுக்கு ஒரு மாதம் முன்னால் வளாகத்தின் கோரஸ் குழுவில் சேர்ந்துகொண்டால் இரண்டும் சரியாகிவிடும்.

நடனத் தேர்வில் அடி தவறுவதைவிட, தவறியதும் நின்றுவிடுவதைத்தான் கவனிக்கிறார்கள். பரதநாட்டியம் கற்றவர் என்றால் படிவத்தில் எழுதுங்கள்.

படிவத்தில் மிக முக்கியமான கட்டம் ‘வர முடியாத நாட்கள்’. பரீட்சை, ஆய்வகம், தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் சொந்தக்காரர் வீடு, எதுவானாலும் எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டு அக்டோபரில் சொன்னால், வேடம் போகாவிட்டாலும் நம்பிக்கை போகும், அடுத்த பருவத்தில் அது தெரியும். அதன்பின் கால்பேக்: சிலரை மட்டும் திரும்ப அழைத்து, பிரதியின் சில பக்கங்களைக் கொடுத்து ஜோடி மாற்றி மாற்றிப் படிக்க வைப்பார்கள். பட்டியல் வந்ததும் உங்கள் பெயருக்கு எதிரே ஒப்புதல் குறி இட வேண்டும். பெயர் இல்லையென்றால் அன்றே, ஒத்திகையையும் காட்சியையும் ஒருங்கிணைக்கும் ஸ்டேஜ் மேனேஜருக்கு எழுதி, பின்மேடையில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். என் கணிப்பில், அடுத்த ஆடிஷனுக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

விசா விவரம்: எஃப்-1 மாணவர்கள் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை சம்பள வேலை செய்யலாம். செட் பட்டறை, உடைப் பிரிவு, டிக்கெட் கவுன்டர் வேலைகள் இதில் அடங்கும். அரசு உதவித்தொகையில் வரும் வொர்க்-ஸ்டடி இடங்கள் நமக்குக் கிடையாது; துறையின் சொந்தப் பணத்தில் தரும் இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடிப்பையும் பின்மேடை வேலையையும் ஒரு கிரெடிட் பாடமாகப் பதிவு செய்யச் சொன்னால், அதற்குக் கட்டணம் ஏறுமா என்று முதலில் பாருங்கள்.

ஒத்திகை

பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழிலிருந்து பத்து மணி வரை, வாரம் ஐந்தாறு நாள். முதல் நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். செட்டின் சிறு மாதிரியும் உடை ஓவியங்களும் காட்டப்படும். மியூசிக்கலில் அடுத்த ஓரிரு வாரம் பாட்டு மட்டும்தான். பாட்டு வாயில் ஏறாமல் உடம்பை அசைக்க முடியாது.

ஒத்திகை அறைத் தரையில் பல நிறத்தில் டேப் ஒட்டியிருக்கும். அது செட்டின் உண்மையான அளவு. சிவப்புக் கோடு சுவர் என்றால் சுவர்தான், அதன் வழியாக நடக்கக் கூடாது. இடம், வலம் இரண்டும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையவை. இயக்குநர் சொல்லும் அசைவுகளைப் பென்சிலால் மட்டும் குறியுங்கள். வாடகைப் புத்தகம் என்பது ஒரு காரணம், நாளைக்கே அவர் மாற்றிவிடுவார் என்பது இன்னொரு காரணம்.

பிரதியைக் கீழே வைக்கும் தேதிக்குப் பிறகு வசனம் மறந்தால் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் ‘லைன்’ என்று சொல்லுங்கள், எடுத்துக்கொடுப்பார்கள். அசடு வழிவது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். கிட்டத்தட்ட சரியாகச் சொன்ன வசனங்களுக்கும் இரவில் திருத்தச் சீட்டு வரும்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேஜ் மேனேஜரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரும் பெரும்பாலும் மாணவர்தான். யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்த நாற்காலி யார் கொண்டுவருவது எல்லாம் அவருடைய தடிமனான கோப்பில் இருக்கும். ஒவ்வொரு இரவும் ஒத்திகை அறிக்கை எழுதி எல்லாப் பிரிவுக்கும் அனுப்புவார்: ‘மூன்றாம் காட்சியில் சட்டைப்பையில் கடிதம் வைக்க வேண்டியிருக்கிறது, பை வைத்துத் தைக்கவும்.’ அந்த ஒரு வரி போகாவிட்டால் உடை அணிந்து பார்க்கும் நாளில்தான் பை இல்லை என்று தெரியும். நாடகத்தில் எந்த வேலை கற்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். திட்டமிடும் மூளை உள்ள பொறியியல் மாணவர்கள் இதில் சீக்கிரம் பிரகாசிக்கிறார்கள்.

பட்டறையில்

மூடிய காலணி, கட்டிய முடி, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. மின் ரம்பத்தைத் தொடுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி. நாலுக்கு எட்டு அடிப் பிளைவுட் தாளை வைத்துத்தான் மேடைத் துண்டுகள் பெரும்பாலும் அளவிடப்படும். விளக்கு மாட்டும்போது ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் கம்பி போட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தாலும் கீழே இருப்பவர் தலை.

டெக் வாரம்

முதல் முறை பார்ப்பவருக்கு இது தண்டனை மாதிரித் தெரியும். காலையிலிருந்து இரவு வரை அரங்கில் இருப்பீர்கள். மொத்தத்தில் இருபது பக்கம்தான் நகர்ந்திருக்கும். காரணம், இது நடிகருக்கான ஒத்திகை அல்ல. விளக்கு, ஒலி, செட் மாற்றம் இவற்றுக்கானது. விளக்கோ ஒலியோ மாறும் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவி, விளக்கின் வேகத்தையும் சத்தத்தின் அளவையும் சரிசெய்துகொண்டே போவார்கள். ‘நிற்கவும்’ என்றதும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உங்கள் முகத்தில்தான் வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி எல்லாம் ஹெட்செட் மொழி. ‘லைட் 45, ஸ்டாண்ட்பை’ (45-ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராகு) என்று ஸ்டேஜ் மேனேஜர் சொன்னால் விளக்குப் பலகையில் இருப்பவர் ‘லைட்ஸ்’ என்று பதில் சொல்வார். பிறகு ‘லைட் 45, கோ.’ அந்தக் ‘கோ’ என்ற சொல்லில் விரல் இறங்கும். அதனால் ஹெட்செட்டில் பேச்சுவாக்கில்கூட அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. ‘பத்து நிமிடம்’ என்று அறிவித்தால் நடிகர்கள் ‘நன்றி, பத்து’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இது பணிவுக்காக இல்லை. காதில் விழுந்ததற்கான ரசீது.

மியூசிக்கலில் இந்த வாரம் இன்னும் கனமாக இருக்கும். அதுவரை பியானோவோடு பாடியவர்களுக்கு முழு வாத்தியக் குழு வந்ததும் நுழையும் இடம் பிடிபடாமல் போகும். அதனால் முதல் சந்திப்பில் நடிப்பு, அசைவு எதுவும் இல்லாமல் உட்கார்ந்து பாட மட்டும் வைப்பார்கள். மைக்கை நெற்றி முடியோரத்தில் டேப்பால் ஒட்டுவார்கள். பேட்டரி ஒவ்வொரு காட்சிக்கும் புதிது அல்லது முழுதாகச் சார்ஜ் செய்தது. அரை நிமிடத்தில் உடை மாற்ற வேண்டிய இடங்களை உதவியாளரோடு தனியாகப் பலமுறை பழகுங்கள். எது முதலில் கழற்றுவது, எந்தக் கை முதலில் நுழைப்பது என்பதுவரை வரிசை வேண்டும்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். உடையில் இருக்கும்போது தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சாம்பார் சாதத்துக்கு உடை மாற்றிவிட்டு வாருங்கள்.

காட்சி நாட்கள்

வந்ததும் கையெழுத்துப் போடுங்கள். சண்டைக் காட்சி இருந்தால் ஒவ்வொரு நாளும் திரை எழுமுன் மெதுவான வேகத்தில் ஒருமுறை அதைச் செய்துபார்ப்பார்கள். முத்தக் காட்சி, தூக்கும் நடனம் எல்லாம் அப்படியே. அரை மணி நேரம் முன்னால் அரங்கின் கதவு திறந்துவிடும். அதன்பிறகு உடையோடு முன்பக்கம் போகக் கூடாது, நண்பர்கள் வந்திருந்தாலும் சரி.

முதல் காட்சி முடிந்ததும் இயக்குநரின் வேலை முடிந்தது. நாடகம் இப்போது ஸ்டேஜ் மேனேஜருடையது. மூன்றாம் நாள் கூட்டம் சிரித்ததென்று நான்காம் நாள் ஒரு வரியைக் கூட்டிச் சொன்னால், அன்றிரவே அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கும்.

பிரிப்பது

கடைசிக் காட்சி முடிந்த அன்று இரவே, சில இடங்களில் மறுநாள் காலை, செட்டைப் பிரிப்பார்கள். நாயகன் நாயகி உட்பட எல்லோரும் வர வேண்டும். பூங்கொத்தோடு வந்திருக்கும் அறைத்தோழர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், நேரமாகும் என்று. பழைய உடைக்குள் மாறி, திருகாணிகளைக் கழற்றி, நல்ல மரத்தை ஒரு பக்கம், உடைந்ததை இன்னொரு பக்கம் அடுக்க வேண்டும். உடைகள் துவைக்கப் போகும். மைக்குகள் எண்ணி வாடகைக்காரரிடம் திரும்பும்.

வாடகைப் பாட்டுப் புத்தகத்தில் பென்சிலில் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, உங்கள் எண் போட்ட பிரதியையே திருப்பிக் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் நிறுவனம் துறையிடம் பணம் கேட்கும்; துறை உங்களிடம் கேட்கும். கிரெடிட்டுக்காக வேலை செய்திருந்தால், மணி நேரப் படிவத்தில், செட் வேலையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னிக்கல் டைரக்டரின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை அவர் அடுத்த நாடகத்தின் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பார்.